கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் 2012 முதல் 2016 வரை மெக்கானிக்கல் படித்தேன். அப்புறம் ஒரகடம் பக்கம், வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். இப்போதும் அதே துறைதான். தரப் பரிசோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதம் பயிற்சி தருவது என் பொறுப்பு. ஊருக்குப் போனால் தெருவில் படிக்கிற பையன்களும் பெண்களும், அவர்களைப் பெற்றவர்களும் வந்து கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பார்த்தது பொறியியல் கல்லூரியும் தொழிற்சாலையும். கலை அறிவியல் படிப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

கல்லூரியில் படித்த பாடம் வேலையில் உதவுமா?

உதவும். ஆனால் படித்த விதத்தில் உதவாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட், அதாவது உருளைத் தண்டு. வரைபடத்தில் 19.98-லிருந்து 20.00 வரை இருக்கலாம் என்று அளவு. மிகத் துல்லியமாக அளக்கும் மைக்ரோமீட்டர் என்ற கருவியைக் கையில் கொடுத்து, ஒரு ட்ரே நிறையப் பாகங்களை அளந்து பிரிக்கச் சொன்னார்கள். அளந்தேன். 20.01, 20.02 என்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. நாற்பது பாகங்களைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டேன். சிவப்புப் பெட்டி என்றால் கழிவு. மெஷின் ஓட்டுகிற அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். ஐடிஐ முடித்துவிட்டு இருபது வருஷமாக அதே மெஷினில் நிற்பவர். அவர் கேட்டது ஒன்றுதான். "தம்பி, மூடி வச்சு ஜீரோ பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. மைக்ரோமீட்டரை மூடிப் பார்த்தால் கோடு இரண்டில் நின்றது. 0.02 கூடுதல். ஒரு வெள்ளைத் தாளை அளவு முகங்களுக்கு நடுவே வைத்து மெதுவாக மூடி, தாளை இழுத்தார். தாளில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. மெஷினில் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட்டும் இரும்புத் தூளும் காய்ந்து ஒட்டியிருந்திருக்கிறது. மறுபடி மூடியதும் ஜீரோ சரியாக வந்தது. அந்த நாற்பதையும் திரும்ப அளந்தேன். ஒன்றுகூடக் கழிவு இல்லை.

கருவியை மூடினாலும் ஜீரோ காட்டாத இந்தப் பிழைக்கு ஜீரோ எர்ரர் என்று பெயர். அது எனக்குத் தெரியாததல்ல. மெட்ராலஜி (அளவியல்) லேப் வைவாவில் அதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. ஆனால் அந்த லேபில் பன்னிரண்டு பேருக்கு ஒரு மைக்ரோமீட்டர். இரண்டு பேர் அளப்பார்கள், மற்றவர்கள் எழுதிக்கொள்வோம். பாதி நாள் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினோம். என்ன விடை வர வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும், அதற்கு ஏற்றபடி ரீடிங்கை எழுதினோம். அளவு தப்பாக வந்தால் ஏன் வருகிறது என்று நின்று பார்க்க ஒரு நாளும் நேர்ந்ததில்லை. பாடத்தில் குறை இல்லை. தப்பாக வரும் அளவோடு உட்கார்ந்து பழகும் வாய்ப்புதான் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் அன்றைக்கு உறைத்தது. எல்லாப் பாகமும் தப்பாக வந்தபோதே எனக்குச் சந்தேகம் இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்பார்களோ என்ற பயம். வகுப்பில் நான்கு வருஷம் பழகிய பயம் அது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் பலதும் சுற்றிச் சுற்றி இந்தப் பயத்தில்தான் வந்து நிற்கும்.

அப்படியானால் நாலு வருஷமும் வீணா?

இல்லவே இல்லை. கல்லூரி எங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. அதற்கு மதிப்பெண் போடவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் ஆண்டில் எங்கள் துறை சிம்போசியத்துக்கு (வெளிக் கல்லூரி மாணவர்களும் வரும் கருத்தரங்க விழா) சாப்பாட்டுப் பொறுப்பு என்னிடம் வந்தது. 350 பேருக்கு மதியச் சாப்பாடு. கையில் இருந்தது கடைகடையாக ஏறி வாங்கிய விளம்பரப் பணமும், துறையிலிருந்து தந்த கொஞ்சமும். சமையல் மாஸ்டரிடம் பேசப் போனோம். வெஜிடபிள் பிரியாணி, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று நாங்கள் சொன்னதும் அவர் கேட்டார்: "பசங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுவாங்க?" ஒரு மணி என்றேன். "காலேஜ் ஃபங்ஷன்ல ஒரு மணின்னா மூணு மணி தம்பி. தயிரை முன்னாடியே கலந்தா புளிச்சிரும். பால் அதிகமா ஊத்திப் பிசைஞ்சு வைக்கிறேன், தயிரைப் பரிமாறுறப்ப சேர்த்துக்கலாம்" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. வெளியூர்க் கல்லூரி பஸ் இரண்டு தாமதமாக வந்தன. கடைசிப் பந்தி மூன்றே கால் மணிக்கு. தயிர் சாதம் நன்றாக இருந்தது.

அந்த ஒரு மாதத்தில் சமையல் மாஸ்டர், மைக் செட்காரர், ஃபிளெக்ஸ் அடிப்பவர், ஆடிட்டோரியம் வாட்ச்மேன் எல்லோரிடமும் தெரியாததைக் கூசாமல் கேட்டோம். முன்பணம் எவ்வளவு தருவது, பில் எப்படி வாங்குவது, ஒருவர் வராவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன என்று எல்லாம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கணக்கில் 1,800 ரூபாய் இடித்தபோது மூன்று பேர் உட்கார்ந்து இரவு பன்னிரண்டு மணி வரை பில்லைப் பிரித்துப் பார்த்தோம். இன்றைக்கு நான் செய்கிற வேலைக்கு இதைவிட நெருக்கமான பயிற்சி எனக்குக் கல்லூரியில் கிடைக்கவில்லை.

அதே நான்தான் மைக்ரோமீட்டரோடு வாயை மூடிக்கொண்டு நின்றதும். சிம்போசியத்தில் யாரும் எங்களுக்கு மார்க் போடவில்லை, அதனால் கேட்டோம். லேபில் மார்க் இருந்தது, கேட்கவில்லை. தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் அதை இன்னொரு லேப் என்று நினைத்துவிட்டேன்.

அதனால் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்வேன்: விடுதி மெஸ் கமிட்டி, கல்ச்சுரல்ஸ், விளையாட்டுக் குழு, எதிலாவது கணக்கும் பொறுப்பும் வருகிற இடமாகப் பார்த்து ஒன்றில் சேருங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. சான்றிதழுக்காக மட்டும் போகாதீர்கள். முகாமில் அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசி ஒரு தண்ணீர் லாரிக்கு ஏற்பாடு செய்து பாருங்கள். அது பின்னால் எவ்வளவு உதவும் என்று அப்போது தெரியாது.

மார்க் எவ்வளவு முக்கியம்? அரியர் இருந்தால் எல்லாம் போச்சா?

வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. தேர்வு நாளில் நிலுவை அரியர் இருக்கக் கூடாது என்கின்றன. ஆகவே மார்க் வாசல்வரை கூட்டிப்போகும். வாசலைத் தாண்டிய பிறகு என்னிடம் வந்த பிள்ளைகளின் மார்க்கை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அரியர் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். முடித்த அரியரை நேர்முகத் தேர்வில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பாடம், ஏன் போனது, எப்படி எழுதி முடித்தீர்கள் என்று மூன்று வரி போதும்.

ஆங்கிலம் சரளமாக வரவில்லை. தமிழ் வழியில் படித்தவர்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள். அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். தமிழில் யோசித்துப் படித்தது குறை அல்ல. அண்ணா பல்கலைக்கழகம் 2010-லிருந்தே மெக்கானிக்கலையும் சிவிலையும் தமிழ் வழியில் நடத்தியிருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை இடமும் உண்டு.

தனியார் வேலையில் ஆங்கிலம் தேவை, அது உண்மை. எந்த அளவுக்கு என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதியாகும். தொழிற்சாலைத் தளத்தில் பேச்சு தமிழில்தான் நடக்கிறது, இப்போது இந்தியும் கலந்து. வரைபடம், ரிப்போர்ட், மெயில் ஆகியவை ஆங்கிலத்தில். அதாவது முதல் வருஷம் உங்களுக்குப் பேச்சு ஆங்கிலத்தைவிட எழுத்து ஆங்கிலம்தான் அதிகம் வேண்டியிருக்கும். எழுத்தை யோசித்து எழுதலாம், திருத்தலாம்.

பள்ளியில் நாம் மனப்பாடம் செய்தது "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" விடுப்புக் கடிதம். வேலையில் அந்த நடை உதவாது. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களை முதலில் தமிழிலேயே நான்கு வரி எழுதச் சொல்வேன். என்ன நடந்தது, எத்தனை பாகம், நான் என்ன செய்தேன், உங்களிடமிருந்து எப்போதுக்குள் என்ன வேண்டும். இந்த நான்கும் தமிழில் தெளிவாக இருந்தால் ஆங்கிலத்தில் கொண்டுபோவது சின்ன வேலை. மெயில் எழுதித்தர இப்போது சாட்ஜிபிடி இருக்கிறது என்று சொல்கிறார்கள். இருக்கட்டும், பயன்படுத்துங்கள். ஆனால் எத்தனை பாகம் என்று அதற்குத் தெரியாது, நீங்கள்தான் போய் எண்ணிவிட்டு வர வேண்டும்.

இறுதியாண்டு பிராஜெக்ட்டை வெளியில் காசு கொடுத்து வாங்கலாமா? எல்லோரும் வாங்குகிறார்களே?

வாங்காதீர்கள். சென்னையிலும் கோவையிலும் பிராஜெக்ட் சென்டர்கள் ரெடிமேடாகத் தருகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். பத்தாயிரம், பதினைந்தாயிரம் அப்பா கடன் வாங்கிக் கொடுப்பார். நேர்முகத் தேர்வில் பிராஜெக்ட்டைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டதும் தெரிந்துவிடும். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்கிறவன், அதனால் சொல்கிறேன். "இதில் எது சரியாக வரவில்லை?" என்று கேட்பேன். தானாகச் செய்தவர்கள் நிறுத்தாமல் பேசுவார்கள். மோட்டார் சூடானது, வெல்டிங் விட்டுப்போனது, பேரிங் அளவு மாற்றி வாங்கிவிட்டோம் என்று வரிசையாக வரும். அப்படிப் பேசியவர்களை நான் பெரும்பாலும் எடுத்திருக்கிறேன், அவர்கள் செய்த மெஷின் கடைசிவரை ஓடாவிட்டாலும்கூட.

வருஷம் 3 லட்சம் சம்பளம் என்றார்கள். மாதம் 25,000 கைக்கு வருமா?

வராது. இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை. முதல் மாதம் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு ஏமாந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிடிசி என்பது உங்களுக்காக நிறுவனம் செலவழிக்கும் மொத்தத் தொகை. 3 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் 25,000. இதில் அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் உங்கள் வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்) போடும் 12 சதவீதம், அதாவது 1,500 ரூபாய், இந்த 25,000-க்குள்ளேயே அடக்கம். பணிக்கொடைக்காக ஒதுக்கும் 4.81 சதவீதம், சுமார் 600 ரூபாய், அதுவும் அடக்கம். மீதி 22,900. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப் இன்னொரு 1,500 போகும். கைக்கு 21,400 பக்கம். தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடிப்பார்கள். ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. கேன்டீன், பஸ், மருத்துவக் காப்பீடு என்று இன்னும் பிடித்தம் இருக்கலாம். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் போகும். அது வீண் இல்லை, அப்பா அம்மா உங்களைச் சார்ந்திருந்தால் அவர்களுக்கும் அதில் வைத்தியம் கிடைக்கும்.

சிடிசியில் "வேரியபிள் பே" என்று ஒரு வரி இருந்தால் அதைத் தனியாகக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். அது வந்தால் வரும். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் எச்ஆரிடம் "மாதம் கைக்கு எவ்வளவு வரும்?" என்று நேராகக் கேளுங்கள். இதைக் கேட்டதால் வேலை போன ஒருவரையும் நான் அறியேன்.

பாண்டு கேட்கிறார்கள், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

இரண்டும் வேறு வேறு. பாண்டு, அதாவது இத்தனை காலம் வேலை பார்ப்பேன், இடையில் விலகினால் இவ்வளவு தருவேன் என்ற ஒப்பந்தம், சட்டப்படி செல்லக்கூடியது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே "பாண்டெல்லாம் சும்மா மிரட்டல்" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். அதேசமயம் ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். எழுதியிருக்கும் தொகை அதற்கு உச்சவரம்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நகல் வாங்கி, வீட்டில் வைத்துப் படித்துவிட்டு, புரியாததைத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். காட்டிச் சரிபார்த்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் விற்கிற பொருள் அல்ல, அதை அடகுபோலப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்கில் சொல்லியிருக்கிறது. கல்லூரிகளும் ஒரிஜினலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் உத்தரவு.

பெயரில் இனிஷியல் இருப்பதால் என்ன பிரச்சினை வந்துவிடப்போகிறது?

சின்ன விஷயம்போலத் தெரியும். நம் ஊர்ப் பிள்ளைகளை இவ்வளவு அலைய வைக்கும் விஷயம் வேறு இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். பள்ளிச் சான்றிதழில் "கார்த்திக் எம்", ஆதாரில் வெறும் "கார்த்திக்", பான் கார்டில் இனிஷியலை விரித்து "கார்த்திக் முருகேசன்" என்று மூன்று விதமாக ஒரே ஆள் இருப்பார். மனிதர்களுக்கு இது புரியும். கம்ப்யூட்டருக்குப் புரியாது.

என் முதல் வேலையிலிருந்து மாறியபோது பி.எஃப் பணத்தை மாற்ற ஏழு மாதம் ஆனது. காரணம் இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, பி.எஃப் கணக்கில் ஒரு மாதிரி. கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் பழைய நிறுவனத்தின் கையெழுத்து வாங்க நான்கு முறை லீவு போட்டேன். டிகிரி சான்றிதழில் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே வரும். எனவே இறுதியாண்டில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லிச் சுற்றுக்கு விடும்போது, அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடாதீர்கள். ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் கல்லூரியில் இருக்கும்போதே ஒன்றுபோல ஆக்கிவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்தபின் இதற்கு நேரம் கிடைக்காது.

கல்விக்கடனை எப்போது கட்ட ஆரம்பிக்க வேண்டும்?

பெரும்பாலான வங்கிகளில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். இதைப் பல வீடுகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆண்டுக்கு 75,000 வீதம் நான்கு ஆண்டில் 3 லட்சம் வாங்கினால், 10 சதவீதத் தனிவட்டிக்கு முதல் தவணை கட்டும் நாளில் வட்டி மட்டும் 1,05,000 சேர்ந்திருக்கும். அப்போது கடன் 4,05,000. படிக்கும்போதே மாதம் 500, 1,000 என்று வட்டியை மட்டும் கட்டி வந்தால்கூட இது பெரிதாகக் குறையும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் தவணை கட்டத் தேவையில்லாத அந்தக் காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் இருக்கிறது. உங்கள் கல்லூரிக்கும் படிப்புக்கும் பொருந்துமா என்று கடன் வாங்கும்போதே வங்கியில் கேளுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

படித்து முடித்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் வேலை கிடைக்கவில்லை. என்ன செய்ய?

முதலில், இது உங்கள் தகுதியின் அளவுகோல் இல்லை. ஒரே வருஷத்தில் முடித்த ஒரே மாதிரியான இரண்டு பேரில் ஒருவருக்கு ஆள் எடுக்கும் மாதமாகவும் இன்னொருவருக்கு ஆள் குறைக்கும் மாதமாகவும் அமைந்துவிடுவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தொழில் பழகுநர் பயிற்சியை நம் பிள்ளைகள் கண்டுகொள்வதில்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் பயிற்சி இது. டிகிரி, டிப்ளமோ முடித்தவர்கள் ஓராண்டு பொதுத்துறையிலோ தனியார் நிறுவனத்திலோ உதவித்தொகையோடு பழகலாம், முடிவில் அரசுச் சான்றிதழ் உண்டு. இந்தப் பயிற்சியை நடத்தும், தென்மாநிலங்களுக்கான வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. பதிவு ஆன்லைனில். "அப்ரன்டிஸ்தானே" என்று வீட்டில் இளப்பமாகப் பேசினால் அதைக் காதில் வாங்காதீர்கள். அந்த ஒரு வருஷம் நிஜமான மெஷினோடு நின்றவருக்கும் வீட்டில் இருந்தவருக்கும் என் மேஜைக்கு எதிரில் உட்காரும்போது வித்தியாசம் தெரிகிறது.

அரசுத் தேர்வுக்குப் படிப்பதாக இருந்தால் எத்தனை முயற்சி, எந்த வருஷம் வரை என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஒன்று: வேலை வாங்கித்தருகிறேன் என்று பணம் கேட்கும் கன்சல்டன்சி எதுவாக இருந்தாலும், டெபாசிட், யூனிஃபார்ம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

மகளை வெளியூர் வேலைக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள். என் பிரிவில் பயிற்சிக்கு வரும் பெண்கள் அளவிலும் கணக்கிலும் ஒரு குறையும் வைப்பதில்லை. ஆனால் பலர் ஆறு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள், தங்குமிடத்தைப் பற்றி வீட்டில் பயப்படுவதால். வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தமிழக அரசு நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் இருக்கின்றன. முதலில் அங்கே விசாரியுங்கள். ஒருமுறை நேரில் போய் அறையையும் சாப்பாட்டையும் பார்த்துவிட்டு வந்தால் பயம் பெருமளவு போய்விடும். மகளிடம் இதையும் சொல்லி அனுப்புங்கள்: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களைக் கேட்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அது. புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று சேர்ந்த வாரமே பார்த்து வைப்பது நல்லது.

பெற்றோராக நாங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் பிள்ளை முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிச் சேர்ந்தவராக இருந்தால், ஆபீஸ் வேலை எப்படி இருக்கும் என்று வீட்டில் கேட்க ஆள் இல்லை. என் வீட்டிலும் இல்லை. என் அப்பா விசைத்தறி ஓட்டியவர். தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேரும் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் 47 சதவீதம், இந்திய அளவில் 28.4. இவ்வளவு வீடுகளில் முதல் தலைமுறை படித்து வருகிறது என்பதே பெரிய விஷயம். ஆனால் படிக்கிற பிள்ளை என்று ஒரு வேலையும் சொல்லாமல் வைத்திருக்கிறோம். பேங்கில் நகைக்கடன் திருப்புவது, தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதுவது, கரண்ட் ஆபீஸில் பெயர் மாற்றுவது இதையெல்லாம் அவர்களை அனுப்பிச் செய்யச் சொல்லுங்கள். கவுன்ட்டரில் நின்று "இதில் என்ன எழுதணும் மேடம்?" என்று கேட்டுப் பழகட்டும்.

கல்லூரிகள் என்ன மாற வேண்டும்?

எல்லாவற்றுக்கும் ஆசிரியர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பல தனியார் கல்லூரிகளில் ஏப்ரல், மே வந்தால் அவர்களை ஊர் ஊராக அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க அனுப்புகிறார்கள். அந்த வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிய என் ஆசிரியர் ஒருவரை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அந்த இரண்டு மாதம் அவரை ஒரு தொழிற்சாலையில் நிறுத்தியிருந்தால் ஜூலையில் அவர் எடுக்கும் வகுப்பே வேறாக இருந்திருக்கும்.

தமிழக அரசு 2022 மார்ச்சில் நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கியது. அதில் கல்லூரிப் படிப்போடு சேர்த்துத் திறன் பயிற்சிகள் வருகின்றன. நல்ல முயற்சி. அந்த வகுப்பையும் வருகைப் பதிவுக்காக உட்கார்ந்து எழுந்தால் பயன் இல்லை. என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது செலவே இல்லாதது: லேபில் தப்பாக வந்த ரீடிங்கை அப்படியே எழுதிவிட்டு, ஏன் தப்பாக வந்தது என்று அரைப் பக்கம் எழுதுகிறவருக்கு முழு மதிப்பெண் தருவது. செலவுள்ளது என்றால் இன்னும் ஐந்து மைக்ரோமீட்டர் வாங்குவது. அதுவும் ஒரு சிம்போசியச் செலவுக்குள் முடிந்துவிடும்.

முதல் நாள் வேலைக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு, இரண்டு பேனா. சான்றிதழ்களின் நகல் இரண்டு செட், பாஸ்போர்ட் அளவுப் படம் ஆறு, ஆதார், பான், பேங்க் பாஸ்புக் நகல். தொழிற்சாலை என்றால் பாதுகாப்பு ஷூ அவர்கள் தரும்வரை மூடிய ஷூ போட்டுப் போங்கள், செருப்போடு உள்ளே விட மாட்டார்கள். நோட்டில் முதல் பக்கத்தில், அன்றைக்குப் புரியாத ஒவ்வொரு சொல்லையும் கேட்ட மாதிரியே எழுதுங்கள். மதியம் கேன்டீனில் யாராவது ஓர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சாப்பாட்டு டப்பாவும் எடுத்துப் போங்கள், முதல் நாளே கேன்டீன் கூப்பன் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது.